கால் வைப்பது வேறு, காலூன்றுவது வேறு

கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கால்பந்து மைதானம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு துண்டு நிலம்தான். லைன் வீடுகளுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே எப்போதோ மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. சரிவு முழுக்கத் தேயிலை. பந்து அந்தப் பக்கம் போனால் ஆட்டம் நிற்கும். ஆடுகிறவர்கள் யாரும் இறங்க மாட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பொடியன்களில் ஒருவன்தான் ஓடுவான். மழைக்காலமென்றால் பந்தோடு சேர்த்துக் காலில் இரண்டு அட்டையையும் கொண்டு வருவான்.

அந்தப் பொடியன்களுக்கு ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்கு (சுருக்கமாக பார்சா) ஆடும் லாமின் யமாலை நன்றாகத் தெரியும். கோல் அடித்ததும் அவர் விரல்களால் 304 என்று காட்டுவது எதற்கு என்றும் தெரியும். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் மத்தாரோ என்ற ஊரில், அவர் வளர்ந்த ரொக்காஃபொந்தா குடியிருப்பின் அஞ்சல் எண் 08304. அதன் கடைசி மூன்று இலக்கம் அது. நீலகிரியின் பின்கோடு எல்லாமே 643-ல் தொடங்கும் என்பதால் இவர்களும் அதை விரலில் காட்டிப் பார்க்கிறார்கள். ஆறு காட்டவே இரண்டு கையும் வேண்டியிருப்பதால் ஸ்டைல் கொஞ்சம் கெட்டுப்போகிறது.

"பதினஞ்சு வயசுல பார்சாவுக்கு ஆடிட்டான்ணா" என்று ஒருவன் என்னிடம் சொன்னான். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பெரிய அணிக்குள் கால் வைப்பது ஒன்று, அங்கே காலூன்றுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் அணியின் தேவையால் நடக்கிறது. இரண்டாவது அந்தப் பையன் அதுவரை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் நடக்கிறது. மலையிலிருந்து ஏன் அதிகம் பேர் மேலே போகவில்லை என்று கேட்பவர்கள் எல்லோரும் திறமையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் எண்ணிக்கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

யமாலையே எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 29, ரியல் பெட்டிஸ் அணிக்கு எதிரான லீக் ஆட்டம். 83-வது நிமிடத்தில் சக வீரர் காவிக்குப் பதிலாக இறங்கினார். வயது 15 ஆண்டு 290 நாள். ஆட்டம் ஏற்கெனவே பார்சாவின் கைக்குள் வந்திருந்தது. அந்த சீசனில் அவர் முதன்மை அணிக்கு ஆடியது அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான். உண்மையில் கதவு திறந்தது அடுத்த ஆகஸ்டில். வலது விங்கில் ஆடிய டெம்பெலே பாரிஸுக்குப் போய்விட்டார். அதே இடத்தில் ஆடக்கூடிய ரஃபீன்யா சீசனின் முதல் ஆட்டத்திலேயே ரெட் கார்டு வாங்கி வெளியே உட்கார்ந்தார். ஆகஸ்ட் 20-ல் காடிஸ் அணிக்கு எதிராக யமால் முதல் பதினொருவரில் வந்தார். கிளப்பிடம் புது ஆளை வாங்கப் பணமும் தாராளமாக இல்லாத காலம் அது. ஒரே வாரத்தில் ஒரு நாற்காலி காலியாகி, அதன் அருகில் இந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு நடந்தது அவருடைய திறமை. ஆனால் நாற்காலி காலியானது அவர் திறமையால் அல்ல.

இதற்கு நேர் எதிரான உதாரணம் லண்டன் கிளப்பான ஆர்சனலின் ஈதன் நுவானேரி. 2022 செப்டம்பர் 18-ல் பிரெண்ட்ஃபோர்டு மைதானத்தில், ஆட்டம் முடியும் நேரத்தில் உள்ளே வந்தார். வயது 15 ஆண்டு 181 நாள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வரலாற்றிலேயே அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அப்புறம்? அடுத்த லீக் ஆட்டம் 2024 பிப்ரவரியில். நடுவே ஏறக்குறைய பதினேழு மாதம். முதல் லீக் கோல் 2024 நவம்பரில். அந்த இடைவெளியில் அவர் காணாமல் போகவில்லை. கிளப்பின் வயதுவாரி அணிகளில் வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார். செய்தித்தாள் பார்க்காத அந்த வாரங்கள்தான் அவரை வளர்த்தன.

அதே 2022 செப்டம்பர் 18. அதே நாளில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். பெங்களூரு எஃப்.சி.க்கும் மும்பை சிட்டிக்கும் இடையே. பத்தாவது நிமிடத்தில் பெங்களூருவின் முதல் கோலை அடித்தவர் சிவசக்தி நாராயணன், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர், வயது 21. 2-1 என்று கோப்பை பெங்களூருவுக்கு வந்தது. லண்டனில் 15, கொல்கத்தாவில் 21. இரண்டையும் 'இளம் வீரர்' என்றுதான் எழுதினார்கள்.

சிவசக்தியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் நம் ஊர்ப் பையன்களுக்கு யமாலைவிட இவர்தான் உபயோகமான பாடம். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்றவர். பிறகு பெங்களூருவின் இளையோர் அணி. 2022-23 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் ராய் கிருஷ்ணாவுடன் முன்வரிசையில் இவரைத் தொடர்ந்து இறக்கியபோது, பெஞ்சில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? சுனில் சேத்ரி. இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த மனிதர், கிளப்பின் முகம். தொடர்ந்து வென்றுகொண்டே போன அணி, இறுதி ஆட்டம் வரை வந்தது. சீசனின் வளரும் வீரர் விருது சிவசக்திக்கு. ஆனால் 2023 மார்ச் 18, கோவா ஃபட்டோர்டா மைதானத்தில் மோகன் பகானுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம்பட்டு அவர் வெளியே வர வேண்டியதாயிற்று. உள்ளே போனவர் அதே சேத்ரி, ஒரு பெனால்டி கோலும் அடித்தார். 2-2 என்று முடிந்து, பெனால்டி ஷூட் அவுட்டில் பெங்களூரு தோற்றது. ஒருவருடைய நாற்காலி இன்னொருவருக்கு எப்படிக் கிடைக்கிறது, எப்படித் திரும்பிப் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்ட முடியாது.

காயம்தான் இந்த விளையாட்டில் பெரிய வேலைவாய்ப்பு அலுவலகம். 2016 பிப்ரவரி 25-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் மார்சியால் ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் காயம்பட்டார். வேறு ஆளில்லாமல் 18 வயது ரேஷ்ஃபோர்டை இறக்கினார்கள். இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. அந்த வார்ம்-அப்பில் மார்சியால் காலை ஒழுங்காக நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

அடுத்தது பணம். இளைஞர்களை இறக்குவதைக் கிளப்புகள் ஏதோ பெரிய மனசு போலச் சொல்லிக்கொள்ளும். 2019-ல் செல்சி கிளப்புக்கு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா புது வீரர்களை வாங்கத் தடை போட்டது. வாங்க முடியாததால் அந்த சீசனில் மேசன் மவுன்ட், டாமி ஆப்ரகாம், ரீஸ் ஜேம்ஸ் என்று சொந்தப் பையன்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். தடை இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் வேறு கிளப்புகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுத வேண்டும். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை, அதனால் விற்ற தொகை முழுவதும் லாபம். அதே மவுன்டை 2023-ல் சுமார் 5.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். கிளப்பின் சொந்தப் பிள்ளை என்று கொடி பிடித்த ரசிகர்களுக்குக் கசந்தது, கணக்குப் பிள்ளைக்கு இனித்தது.

விதிகளும் கைகொடுக்கின்றன. பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில் 21 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. அவர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் மூன்று மாற்று வீரர் என்பது ஐந்தாகி, பிறகு அதுவே நிரந்தரமாகிவிட்டது. மூன்று-பூஜ்யம் என்று முன்னால் இருக்கும்போது ஐந்தாவது மாற்றாக ஒரு பையனை அனுப்புவதில் பயிற்சியாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இந்தியாவில் 2021-22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது. அதாவது ஒவ்வொரு அணியிலும் இந்தியர் ஒருவருக்குக் கூடுதலாக ஓர் இடம். ஆகவே 'அறிமுகம்' என்ற செய்தி முன்பைவிட மலிவாகிவிட்டது. யாராவது அறிமுகமானால் எத்தனை நிமிடம் ஆடினார், அடுத்த மாதம் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சரி, மலைக்கு வருவோம். கூடலூர்ப் பையனுக்குச் சென்னை தூரம், நிலம்பூர் பக்கம். நாடுகாணியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மலப்புறம் மாவட்டம். அங்கே செவன்ஸ்தான் உயிர். ஆளுக்கு ஏழு பேர், சின்ன மைதானம், மூங்கிலும் பாக்கு மரமும் வைத்துக் கட்டிய தற்காலிக கேலரி, மின்விளக்கில் இரவு ஆட்டம், ஆப்பிரிக்காவிலிருந்து சீசனுக்கு வந்து ஆடும் வீரர்கள். அதன் காற்று மேலே வீசாமல் இருக்குமா? எருமாடு, அய்யன்கொல்லி வரை செவன்ஸ் ஆட்டம்தான். இதில் ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் ஒன்றாகவே வருகின்றன. இடமில்லாத இடத்தில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் செவன்ஸ் பையனுக்கு வந்துவிடும். ஆனால் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னாலேயே நின்று பந்து வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியை அங்கே பார்ப்பதில்லை. எதிரணியின் கோல் பக்கமே காத்திருந்து பழகியவன், பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்தால் பத்து நிமிடத்தில் நான்கு முறை கொடி ஏறும். எங்கே நிற்க வேண்டும், பந்து இல்லாதபோது எங்கே ஓட வேண்டும் என்பது அவனுக்குப் புதுப் பாடம். அந்தப் பாடத்தைச் சொல்லித் தர ஆள் வேண்டும் என்பதைவிட, ஆடிப் பழக ஆட்டம் வேண்டும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது? பள்ளிப் பையனுக்குக் குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று போட்டிகள் இருக்கின்றன. எல்லாம் பெரும்பாலும் நாக்-அவுட். முதல் சுற்றில் தோற்றால் அந்த வருடம் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. அதுவும் மழையில், வழுக்கும் களத்தில், ரெஃப்ரியின் ஒரு தவறான விசிலில் தோற்றிருக்கலாம். திரும்ப அடுத்த வருடம்தான். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டும் அதே கதை. எங்கோ ஒரு கிளப்பின் அகாடமிப் பையன் லீக் முறையில் தோற்றாலும் ஜெயித்தாலும் அடுத்த வாரம் ஆடுகிறான். தோல்விக்கு அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கிறது என்பதுதான் அவனுடைய மிகப்பெரிய சொத்து. தவறு செய்துவிட்டு, அந்தத் தவறு சூடாக இருக்கும்போதே திருத்திப் பார்க்கிறான். நம் பையன் தவறு செய்தால், அதைப் பதினொரு மாதம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறான்.

'மலைப் பையன்களுக்கு நுரையீரல் பலம் அதிகம், அதுவே போதும்' என்று கீழே இருக்கிறவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே வாழ்ந்தால் உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும், ஓட்டத்துக்கு அது உதவும். ஆனால் மெல்லிய காற்றில் பந்து வேகமாகவும் நேராகவும் பறக்கும். அதற்குப் பழகிய கோல்கீப்பர் கீழே வந்தால் பந்து நினைத்த இடத்துக்கு முன்பே விழும். அதைவிடப் பெரிய பிரச்சினை புழுக்கம். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவனை மே மாதம் சென்னையில் மதியம் இரண்டு மணிக்கு டிரயல்ஸுக்கு நிறுத்தினால் அரை மணி நேரத்தில் நாக்கு வெளியே தள்ளிவிடும். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி, காலையில் இறங்கி, மதியம் டிரயல்ஸில் ஓடுகிறவனுக்கு அந்த அவகாசம் ஏது?

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்தியாவின் பெரிய அணி ஒன்று இந்த மலையிலேயே இருந்தது. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற ராணுவ மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-ல் சிம்லாவில், அதாவது இன்னொரு மலையூரில் தொடங்கிய கோப்பை அது. அந்த இரண்டு வெற்றியிலும் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனுக்கு வந்தார். முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. பிறகுதான் கோல்கீப்பரானார். 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. கோல் அடிக்க வந்தவர் கோலைக் காக்க நின்று ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். அணிக்குள் நுழைய எந்த இடம் காலியோ அந்த இடத்தைக் கற்றுக்கொள்வது அன்றைக்கே இருந்த வழிதான்.

ராணுவ அணியில் இன்னொன்றும் இருந்தது: தினமும் ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம், ஆட்டம் முடிந்த பிறகும் வேலை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மாவிடம் போய் 'பையனை கால்பந்துக்கு அனுப்புங்கள்' என்று சொல்லும்போது, அவர் கேட்பது ஒரே கேள்விதான். "வேலை கெடைக்குமா தம்பி?" இதற்கு நான் இதுவரை நேராகப் பதில் சொன்னதில்லை.

வெலிங்டனுக்குப் பிறகு மிக அருகில் வந்த பெரிய அணி, சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச்சில் அங்கேதான் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம் வென்றார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் அந்த அணியில் ஆடி, அதன் பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினால் மூன்று மணி நேரத்தில் பார்க்கக்கூடிய கதவு. சில வருடங்களில் அந்த அணியே ஐ-லீக்கில் இல்லாமல் போயிற்று. ஓர் அணி மூடப்பட்டால் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த இருபத்தைந்து பேர் வேறெங்காவது போய்விடுவார்கள். அடுத்து வரவேண்டிய பதின்மூன்று வயதுக்காரனுக்குத்தான் போக இடமில்லை.

இந்த வெற்றிடத்தில் நுழைகிறவர்கள் ஏஜென்டுகள். 'ஸ்பெயினில் அகாடமி, விசா எங்கள் பொறுப்பு' என்று சொல்லி ஒருவர் எங்கள் பகுதியிலும் வந்து பெற்றோர் கூட்டம் போட்டுவிட்டுப் போனார். இந்த ஒரு விதியை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஃபிஃபாவின் வீரர் பரிமாற்ற விதிகளில் 19-வது பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் பதிவு செய்யத் தடை விதிக்கிறது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக அங்கே குடியேறியிருந்தால் விலக்கு உண்டு, ஐரோப்பாவுக்குள்ளேயே சில விலக்குகள் உண்டு. நம் பையனுக்கு அவை பொருந்தாது. செல்சிக்கு 2019-ல் விழுந்த தடையே இந்தச் சிறுவர் விதியை மீறியதற்காகத்தான். பார்சிலோனாவும் அதே குற்றத்துக்கு முன்பே தடை அனுபவித்தது. அவ்வளவு பெரிய கிளப்புகளே மாட்டிக்கொண்ட இடத்தில், லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு 14 வயதுப் பையனை அனுப்பிவைப்பதாகச் சொல்கிறவர் எதை விற்கிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது பணம் கட்டிப் பயிற்சி பெறும் முகாம். ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி ஆகும், கிளப் ஆகாது.

அதற்குப் பதில் இங்கேயே செய்யக்கூடிய ஒரு சலிப்பான வேலை இருக்கிறது. பதிவு. பையன் 12 வயதிலிருந்து எந்த அணியில் ஆடினான் என்பது கால்பந்து சம்மேளனத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். பின்னால் ஒருநாள் அவன் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். முதல் நான்கு ஆண்டுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம், அதன் பிறகு அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய் பரிமாற்றம் என்றால் முதல் நான்கு ஆண்டு வளர்த்த ஊர் அணிக்கு ஒரு லட்சம் வரும். இந்திய வீரர்கள் அப்படி விலைக்குப் போவது அபூர்வம், அதனால் இது லாட்டரி மாதிரிதான். ஆனால் சீட்டே வாங்காதவனுக்கு லாட்டரியும் கிடையாது. வயதும் அப்படித்தான். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பிறந்த நாளாகப் போட்டுவிட்ட தலைமுறையின் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வயதுவாரிப் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். அங்கே சிக்கினால் திறமையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது.

போன மழைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்ட அணியில் வலது பக்கம் ஆடுகிறவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறிவிட்டது. ஆள் ஒன்று குறைவு. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பந்தை எடுக்கத் தேயிலைக்குள் எப்போதும் முதலில் ஓடும் பையனை, யாரோ "டேய், நீ வா" என்று கூப்பிட்டார்கள். பூட்ஸ் கிடையாது, யாருடையதோ ஒரு சைஸ் பெரிசு, முனையில் செய்தித்தாள் திணித்துக் கட்டிக்கொண்டான். இருபது நிமிடம் ஆடினான். இரண்டு முறை ஆஃப்சைடு. ஒரு முறை தன்னைவிட இரண்டு மடங்கு உடம்பு உள்ள ஆளின் காலுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். ஓரத்தில் இருந்த அத்தனை பொடியன்களும் கத்தினார்கள்.

அடுத்த ஞாயிறு ஷிஃப்ட் பழையபடி மாறிவிட்டது. வலது பக்கம் பழைய ஆள். இருபதாவது நிமிடத்தில் பந்து சரிவில் உருண்டது. பையன் எழுந்து தேயிலைக்குள் ஓடினான்.